தட்டில் ஏறாத பாட்டு

1970ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் நம் நாட்டில் இரண்டு இசைத்தட்டுகள் உருவாயின. 'சிம்லா பீட் 70', 'சிம்லா பீட் 71' என்பன அவற்றின் பெயர்கள். நம் கல்லூரியில் இப்பெயர்களைக் கேள்வியுற்றவர் மிகச் சிலராகவே இருக்கக்கூடும். ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்போர் நடுவே இவற்றுக்குப் பெரிய மதிப்பு உண்டு. அசல் தட்டு ஒன்று கிடைத்தால் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் இரண்டையும் சேர்த்துக் குறுந்தகடாக மறுபடி வெளியிட்டும் விட்டார்கள். பாடியவர்கள் நம் சென்னை, பெங்களூர், கல்கத்தா, பம்பாய், ஷில்லாங் இளைஞர்கள். பாதுகாத்தவர்கள் பெரும்பாலும் பிறநாட்டார். இதில் வெட்கப்படவும் இருக்கிறது, கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. வெட்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அத்தட்டுகளின் வரலாறு சுவையானது. 1960களில் பீட்டில்ஸ் குழுவின் புகழ் உலகெங்கும் பரவியபோது, நம் நகரங்களிலும் நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து கிடார், டிரம் வாங்கி 'பீட் குழு' நடத்தும் வழக்கம் தோன்றியது. வெளிநாட்டுக் கருவிகளை இறக்குமதி செய்யக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலம் அது. நல்ல கிடார் வைத்திருந்தவனை ஊரே அறியும். ஒலிபெருக்கும் கருவியை வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர்களிடம் சொல்லிச் செய்துகொண்டவர்களும் உண்டு. அகில இந்திய வானொலியில் இவர்களுக்கு இடம் சிறிது. திரைப்படத்தில் அதனினும் சிறிது. கல்கத்தாவிலிருந்து 1967 முதல் 1977 வரை வெளிவந்த 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' என்னும் இளைஞர் இதழ் இவர்களைப் பற்றி எழுதி வந்தது. மற்றபடி கல்லூரி விழாக்களும் உணவு விடுதி மேடைகளுமே இவர்களின் உலகம்.

இந்நிலையில் இவர்களுக்கு அகில இந்திய அளவில் ஒரு போட்டி வைத்தது யார் தெரியுமா? இம்பீரியல் டொபாக்கோ என்னும் சிகரெட் நிறுவனம். அதன் சிகரெட் ஒன்றின் பெயர் சிம்லா. போட்டியின் பெயர் சிம்லா பீட் போட்டி. பல நகரங்களில் முதற்சுற்று நடத்தி, தேறியவர்களைப் பம்பாய்க்கு வரவழைத்து இறுதிப் போட்டி நடத்தினார்கள். அந்தக் குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து வந்தவைதாம் மேற்சொன்ன தட்டுகள். சென்னையின் 'கன்ஃப்யூஷன்ஸ்', கல்கத்தாவின் 'கிரேட் பேர்', ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்', பம்பாயின் 'வெல்வெட் ஃபாக்' முதலிய குழுக்கள் இப்போட்டியாலும் தட்டுகளாலும்தான் இன்றும் பேசப்படுகின்றன. நோக்கம் இசை வளர்ச்சியா, சிகரெட் விற்பனையா என்று கேட்டால் விடை சொல்லத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு புகையிலைப் பொருளின் பெயரால் இப்படிப் போட்டி நடத்துவது நாட்டில் இயலாது, அது நல்லதே. (அந்தச் சிகரெட்டைப் பற்றவைத்த தீக்குச்சி நம் கோவில்பட்டிக் குச்சியாகவும் இருந்திருக்கலாம் என்பதை மட்டும் ஓரமாகச் சொல்லி வைக்கிறேன்.)

நான் சொல்ல வந்தது தொகுப்பு என்னும் முறையைப் பற்றி. 12 அங்குல நெடுந்தட்டு ஒன்றில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் பாட்டு அடங்கும். இரு பக்கமும் ஒரே குழு பாடி நிரப்ப வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு பாட்டு வேண்டும். அதற்கு ஒலிப்பதிவுக்கூட வாடகை வேண்டும். தட்டை வாங்க ஆள் வேண்டும். அன்றைய குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. கைவசம் உருப்படியாக ஒன்றிரண்டு பாட்டு இருந்திருக்கும். ஒன்றிரண்டு பாட்டுள்ள பத்துப் பேரை ஒரே தட்டில் அமர்த்தினால் தனித்தனியே நிற்க இயலாத பத்துப் பேரும் நின்றுவிடுகிறார்கள். சிறியவர்களுக்கு வரலாற்றில் இடம் கிடைப்பது பெரும்பாலும் இப்படிக் கூட்டாகத்தான். குறுந்தொகையும் நற்றிணையும் தொகுக்கப்படாமல் இருந்திருந்தால், ஒரே ஒரு பாட்டுப் பாடிய புலவர்கள் எத்தனை பேரை நாம் இழந்திருப்போம் என்பதைத் தமிழ் படிக்கும் நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேலை நாட்டிலும் இதுவே நடந்தது. 1952இல் ஹாரி ஸ்மித் என்னும் தனி மனிதர், தாம் சேர்த்து வைத்திருந்த பழைய தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தெரிந்தெடுத்து, அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகுப்பு என்று 'ஃபோக்வேஸ்' நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார். அவை 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் பதிவானவை. விற்றுத் தீர்ந்தோ விற்காமலோ மறக்கப்பட்டவை. மலை நாட்டு உழவர்களும் கறுப்பினத் தொழிலாளர்களும் பாடியவை. அத்தொகுப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் 1960களில் அமெரிக்கப் பாட்டின் போக்கையே திருப்பியது. பாப் டிலன் அவர்களுள் ஒருவர். 1972இல் லென்னி கே என்பவர் 'நக்கெட்ஸ்' என்ற பெயரில் 27 பாட்டுகள் கொண்ட இரட்டைத் தட்டு ஒன்றைத் தொகுத்தார். ஒரு பாட்டுப் பாடிவிட்டு மறைந்த சிறு ராக் குழுக்கள் அதனால் மீண்டன. சேகரித்தவர்கள் அரசாங்கமும் அல்லர், பல்கலைக்கழகமும் அல்லர். பழைய தட்டைக் கண்டால் விட மனம் வராதவர்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "நகரத்து வசதி வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாடிய நகல் பாட்டு, அது அழிந்தால் யாருக்கு நட்டம்?" என்று நண்பர் ஒருவர் என்னிடமே கேட்டார். அதில் பாதி உண்மைதான். அத்தட்டுகளில் சில பாட்டுகள், 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' போன்ற அமெரிக்கக் குழுக்களின் பாட்டை அப்படியே திரும்பப் பாடியவை. சொந்தப் பாட்டுகளிலும் சொல் ஆங்கிலமே. கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் காதில் அவை விழுந்திருக்க வழியே இல்லை. அதே காலத்தில் இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தமிழிலேயே பாடினார்கள். 'பொப் இசை' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும் நம் தென் மாவட்டங்களில் அப்பாட்டுகள் வீடு வீடாக நுழைந்தன. இன்றும் ஐம்பது வயது தாண்டிய எவரிடமும் 'சுராங்கனி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். மக்களிடம் போய்ச் சேர்வதே அளவுகோல் என்றால் இலங்கைக்காரர்களுக்கே என் வாக்கு.

ஆயினும் நகல் என்பதற்காக ஒன்றை அழியவிடலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். பத்தொன்பது வயதுப் பையன், அகப்பட்ட கிடாரையும் அரைகுறை ஒலிபெருக்கியையும் வைத்துக்கொண்டு அயலான் பாட்டைப் பாட முனைகிறபோது அதில் அவன் ஊரும் காலமும் எப்படியோ கலந்துவிடுகின்றன. இன்று பிறநாட்டார் அத்தட்டுகளில் விரும்பிக் கேட்பது அந்தக் கலப்பைத்தான். நல்லது எது, அல்லது எது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை பின்வருவோர்க்கு வேண்டுமானால், முதலில் பொருள் கையில் இருக்க வேண்டுமல்லவா?

இத்தகைய இசையை மேலை நாட்டில் 'அண்டர்கிரவுண்ட்' என்றார்கள். பெரிய நிறுவனமும் வானொலியும் கைதூக்கி விடாத இசை என்பது பொருள். இந்தச் சொல்லை நம் தமிழ்நாட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் வேடிக்கையான முடிவு ஒன்று கிடைக்கிறது. இங்கே சினிமாவும் சபாக்களில் பாடப்படும் கருநாடக இசையும் தவிர மற்றவை அனைத்தும் அண்டர்கிரவுண்டுதான்! நாதசுரம், தவில், பம்பை, உறுமி என்று கொடை இரவில் அதிர்கிற நையாண்டி மேளம், வில்லும் குடமும் உடுக்கையும் கொண்டு விடிய விடியக் கதை சொல்லும் வில்லுப்பாட்டு, ஜமீன் கோடங்கிபட்டித் தேவராட்டத்தின் தேவதுந்துபி, இழவு வீட்டு ஒப்பாரி, ஊருக்கு ஊர் இருந்த மெல்லிசைக் குழு, எல்லாமே அதில் சேரும். இவற்றுள் எத்தனை தட்டில் ஏறின?

நம் பக்கத்துக்கு இசையில் குறையே இல்லை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 1891இல் இளவயதிலேயே மறைந்தார். கழுகுமலை முருகன் மீது அவர் பாடிய காவடிச் சிந்தின் மெட்டு காவடி எடுப்பவர் காலோடு ஊர் ஊராக நடந்தது. காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் வாழ்ந்தார். 1964இல் அவர் மறைந்தபின்னும் அவர் நாதசுரம் ஒலித்துக்கொண்டிருப்பதற்குத் தட்டும் வானொலியும் 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யும் காரணம். விளாத்திகுளம் சாமிகளையோ என் வயதினர் காதால் அறியோம், கி. ராஜநாராயணன் முதலியோரின் எழுத்தால் அறிவோம். எழுத்து எவ்வளவு சிறந்ததாயினும் ஓர் ஆலாபனையைத் திரும்பப் பாடிக் காட்டாது. காருகுறிச்சியார் போன்ற மேதைக்கே தட்டு வேண்டியிருந்தது என்றால், அவர் காலத்தில் நம் ஊர்க் கோயில்களில் வாசித்துவிட்டுக் கூலி நெல்லுடன் வீடு திரும்பிய மற்றக் கலைஞர்களின் கதி என்ன?

எங்கள் கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைக் காண வருகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பாண்டியர் காலத்தில் மலையை மேலிருந்து குடைந்து முற்றுப்பெறாமல் நின்றுபோன அந்தக் கோயில் பேரழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் அருகே பாறைச் சுவரில் வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கும் சமண உருவங்களை நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் சிறியது. பலவற்றின் அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயரும் ஊரும் வெட்டியிருக்கிறார்கள். குரத்தியர் என்னும் பெண் துறவிகளின் பெயர்களும் அவற்றுள் உண்டு. தனிக் கோயில் எடுக்க வசதியில்லாத பலர் ஆளுக்கு ஓர் உருவம் செய்வித்து ஒரே பாறையில் இடம்பிடித்தார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அப்பெயர்கள் இருக்கின்றன. தொகுப்புத் தட்டு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அந்தப் பாறையைத்தான் காட்டுவேன்.

1980களில் நமக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. கேசட் வந்தது. தட்டு அடிக்க ஆலை வேண்டும், முதல் வேண்டும். நாடாவில் பதிவு செய்ய ஒரு டேப் ரிக்கார்டர் போதும். பெரிய நிறுவனங்களின் ஆதிக்கத்தை அது உடைத்ததைப் பற்றிப் பீட்டர் மேனுவல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் வட இந்தியாவை வைத்து 1993இல் தனி நூலே எழுதினார். நம் ஊர்களிலும் வில்லுப்பாட்டை, கொடை மேளத்தை, சாமியாட்டத்தை மைக்செட்காரர்கள் பதிந்து வைத்தார்கள். அவர்கள் ஆய்வாளர்கள் அல்லர். அடுத்த ஊர்க் கொடையில் போடப் பாட்டு வேண்டும் என்பதற்காகப் பதிந்தார்கள். சிகரெட்காரன் சிகரெட்டுக்காகப் பதிந்ததுபோலத்தான். ஆனால் அந்தச் சுயநலத்தால் ஒரு காலத்தின் ஓசை மூட்டை மூட்டையாக நாடாவில் ஏறியது.

அந்த மூட்டைகள் இப்போது எங்கே போகின்றன என்பதைச் சென்ற ஆண்டு நேரில் கண்டேன். எங்கள் பக்கத்தில் நாற்பது ஆண்டு ரேடியோ செட் வைத்திருந்த பெரியவர் ஒருவர், கூம்புக் குழாய்களையும் ஆம்ப்ளிஃபயரையும் பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு சாக்கு நிறையக் கேசட்டுகள் ஓரமாகக் கிடந்தன. "அண்ணாச்சி, இதையுமா?" என்றேன்.

"பின்னே என்னய்யா செய்ய? போட்டுக் கேக்கப் பொட்டி இல்ல. ரிப்பேர் பாக்க ஆளு இல்ல. எலி கடிச்சது போக மிச்சம் இது."

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தாள் ஒட்டி, பேனாவால் 'மாசிக் கொடை, வில்லு, இரண்டாம் நாள்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஆண்டு இல்லை. ஊர் இல்லை. பாடியவர் பெயர் இல்லை. "யார் பாடினது அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, சட்டென்று மூன்று பேரின் பெயரையும், குடம் அடித்தவர் எந்த ஊர் என்பதையும், அன்று மழை வந்து பந்தல் சரிந்ததையும் சொன்னார். அந்தச் செய்தி முழுவதும் அவர் நினைவில்தான் இருக்கிறது. நாடா ஒரு சாக்கில், பெயர் ஒருவர் தலையில். இரண்டும் தனித்தனியே அழிந்துகொண்டிருக்கின்றன. அந்த இரண்டு சாக்கையும் இரும்பு விலைக்கு நான் வாங்கி வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்த வரவேற்பை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அனைவரும் கொண்டாடினோம். நம் மண்ணின் இனிப்புக்கு ஆவணம் உண்டு, ஓசைக்கு இல்லை. பேராசிரியர் நா. வானமாமலை 1960களிலேயே நாட்டுப் பாடல்களைத் திரட்டிப் புத்தகமாக்கினார். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் இணையர் ஊர் ஊராகச் சென்று கேட்டுப் பாடிப் பரப்பினார்கள். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிக்கு அவ்வளவு வசதி இல்லை என்பார்கள். நான் கேட்பது துறை அன்று. ஓடுகிற நிலையில் ஒரு டேப் டெக், ஒரு கணிப்பொறி, பூட்டக்கூடிய ஓர் அலமாரி, வாரம் இரண்டு மணி நேரம் உட்காரும் நான்கு மாணவர்கள். இவ்வளவுதான்.

காலம் தாழ்த்த முடியாததற்குக் காரணம் உண்டு. கேசட் நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் மீது காந்தத் துகளைப் பசையால் ஒட்டியது. வெயிலிலும் ஈரத்திலும் பசை கெட்டுத் துகள் உதிரும். சி-90 நாடா இன்னும் மெல்லியது. பழைய பெட்டியில் போட்டால் சுற்றிக்கொண்டு அறுந்துவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே முப்பது ஆண்டு கிடந்த நாடாவை இன்னும் பத்தாண்டு கழித்து எடுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். இப்போதே மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒலியைச் சுருக்காமல் முழு அளவில் வைக்க வேண்டும்; கைப்பேசியில் அனுப்ப வேண்டுமானால் பிறகு சிறிதாக்கிக்கொள்ளலாம்.

"கலைஞர்களின் உரிமை என்ன ஆகும்?" என்று சட்டம் அறிந்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு நம் சட்டப்படி 60 ஆண்டு உரிமை உண்டு. 1970இல் வெளியான ஒரு தட்டுக்கு 2030ஆம் ஆண்டு முடியும் வரை அது நிற்கும். நம் கொடை நாடாக்கள் வெளியிடப்பட்டவையே அல்ல. பாடியவர்கள் பலர் உயிரோடு இருக்கிறார்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிச் சென்று கேட்டு, எழுதி வாங்கி, ஒரு படியையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். தன் தகப்பன் குரல் நாடாவில் இருப்பதே தெரியாத பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலேயே இருக்கக்கூடும்.

வேறொரு தயக்கமும் உண்டு. ஒப்பாரியையும் மேளத்தையும் தொகுத்தால் சாதி வந்து முன்னே நிற்கும்; யார் பாடினார், யாருக்குப் பாடினார் என்ற பேச்சு எழும் என்பார்கள். எழட்டும். பெயரை மறைத்துப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதைவிட, பாடியவரின் பெயரைப் பெரிதாகப் போட்டு அந்தப் பேச்சை நேராகவே பேசலாம். சினிமா எத்தனையோ மெட்டுகளை நம் பக்கத்திலிருந்து பெயரில்லாமல் எடுத்துச் சென்றது போதும்.

முதல் தொகுப்பில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. பன்னிரண்டு ஒலிப்பதிவுகள் போதும். அவற்றுள் மூன்று வில்லுப்பாட்டு, மூன்று மேளம், ஒரு தேவராட்டத் தாளம், இரண்டு ஒப்பாரி, ஒரு பருத்திக் காட்டுப் பாட்டு, தீப்பெட்டி ஒட்டும் பெண்கள் பாடியது ஒன்று. பன்னிரண்டாவதாக, ஏதேனும் ஒரு மெல்லிசைக் குழு 1980களில் திருமண வீட்டில் எலெக்ட்ரிக் கிடாரோடு பாடிய பாட்டு. நகலாக இருந்தாலும் சரி, எலி கடிக்காத நாடாவாக இருந்தால் போதும். சாக்கிலிருந்து இதுவரை நாற்பத்தொரு நாடாக்களைத் துடைத்து எண் போட்டிருக்கிறேன். ரேடியோ செட் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வந்து கேட்டுப் பெயர் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும், பழுதில்லாத ஒரு டேப் டெக்கும் தேவை. வீட்டில் வைத்திருப்பவர்கள் தமிழ்த்துறையில் தெரிவிக்கலாம்.